முதுமைக்கும் ஒரு சந்தா

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள ஆலய பரிபாலன சபையினர், பங்குப் பேரவையினர், தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்தினர், பழைய மாணவர் சங்கத்தினர், மரண சகாய சங்கத்தினர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்



இக்கொழும்புப் பட்டினத்தில் நம்மவர் பெருந்தொகையாக வாழும் இரு பகுதிகளில், ஒன்றிலே கடலோரமாகத் தொடர்மாடிகள் எழுந்து நிற்க, மற்றதிலே துறைமுகத்தை அண்டி ஒழுங்கைகள் நெருங்கிக் கிடக்க, தோற்றத்தால் வேறுபட்ட இவ்விரண்டிடத்தும் ஒரே பிரச்சினை சந்தடியின்றி வளர்ந்துவருவதைக் கண்டும், அதனை அவரவர் வீட்டுக் கவலையாகவே விட்டுவைத்திருக்கும் நமது வழக்கம் இனியும் நீடித்தல் தகாதென உணர்ந்தும், தங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதத் துணிகின்றேன். முதியோருக்கு வருங்காலத்தில் வேண்டப்படும் பராமரிப்பையும் பணத்தையும் முன்கூட்டியே மதிப்பிட்டு ஆயத்தஞ்செய்யும் பொறுப்பு அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று, நமது சங்கங்களுக்கும் சபைகளுக்கும் உரியது என்பதே நான் விண்ணப்பிக்க விரும்பும் ஒரே விஷயம்.

மரணத்தைப் பொறுத்தவரையில் இந்த முன்யோசனை நம்மவரிடம் இல்லாமலில்லை. கொட்டாஞ்சேனையின் வத்தைகளில் நாட்கூலிக்கு வேலைசெய்பவரும் மரண சகாய சங்கத்துக்குரிய மாதச் சந்தாவைத் தவறாது செலுத்திவிடுகின்றனர். வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் பந்தலும் கதிரையும் பிரேதப் பெட்டியும் கைச்செலவுக்கான பணமும் கேளாமலே வந்துசேர்கின்றன. அடுத்து எந்த வீட்டில் இழவு நிகழும் என்பது சங்கத்தின் தனாதிகாரிக்குத் தெரியாது. ஆயினும், இத்தனை குடும்பங்கள் சேர்ந்த சங்கத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய இத்தனை மரணங்கள் நேரும் என்பது பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கும் அவருக்குப் புலப்படாமற் போகாது. ஒருவருடைய ஆயுளை எவராலும் அறுதியிட்டுரைக்க இயலாதாயினும், நூறு பேருடைய ஆயுளைப் பொதுவில் மதிப்பிட இயலும் என்ற மகத்தான உண்மையின்மீதே இந்த எளிய சங்கங்கள் நிலைபெற்றிருக்கின்றன. அவ்வுண்மையை ஈமக்கிரியையோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு முந்திய பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு, எழுந்து நடக்க ஒரு கையும் உண்ண ஒரு துணையும் மருந்தை வேளை தவறாது எடுத்துக் கொடுக்க ஒரு மனிதரும் வேண்டியிருக்கும் ஆண்டுகளுக்கு, நாம் பிரயோகிக்காது விட்டதே நமது பெருங்குறை.

தேசம் முழுவதையும் நோக்குமிடத்து, 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 60 வயதினரும் அதற்கு மேற்பட்டவரும் நூற்றுக்கு 6.6 பேராயிருந்தனர், 2012இல் அத்தொகை 12.4 ஆயிற்று, 2041ஆம் ஆண்டளவில் நால்வருக்கு ஒருவர் அவ்வயதினராயிருப்பர் என்று குடித்தொகை ஆய்வாளர் கணித்திருக்கின்றனர். இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் தாய்சேய் நலப் பணியும் நமக்கு ஈட்டித்தந்த நற்பேறு இது. இதனைச் சாபமென்று கருதுவது நன்றிமறத்தலாகும். எனினும், நீண்ட ஆயுளைக் கொடுத்த சமுதாயம் அந்த ஆயுளை நடத்துவதற்குரிய சாதனங்களையும் கொடுத்தாலன்றி அக்கொடை முழுமைபெறாது. பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக ஆறேழு ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர் என்பதையும், நம்மவருள் மனைவி கணவனைவிட வயதில் இளையவளாயிருப்பதே பெருவழக்கு என்பதையும் ஒருங்கே சிந்தித்தால், கணவனும் மனைவியுமாக அமர்ந்து போடும் முதுமைக் கணக்கின் இறுதிப் பத்தாண்டு பெரும்பாலும் தனித்து நிற்கும் ஒரு பெண்ணின் கணக்காகவே முடியும் என்பது தெளிவாகும். அப்பெண்ணை மனத்தில் இருத்திக்கொண்டே இனி வரும் பகுதிகளை வாசிக்குமாறு வேண்டுகின்றேன்.

வெள்ளவத்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1983 ஜூலைக் கலவரத்தின் பின்னரும், அதனைத் தொடர்ந்த யுத்த காலத்திலும், ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் ஒஸ்லோவுக்கும் சிட்னிக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோர் பலர், யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு இங்கு வந்து தொடர்மாடிகளில் குடியேறினர். வெளிநாட்டிலிருந்து வந்த காசு வீட்டை வாங்கிற்று, மாதச் செலவையும் நடத்திற்று. அக்காசு என்றென்றும் வரும் என்ற நம்பிக்கையிலேயே எண்ணற்ற இல்லங்களின் வருங்காலம் நிலைகொண்டிருக்கின்றது. ஆனால், அன்று இருபத்தைந்து வயதில் விமானமேறிய மகன் இன்று அறுபதைக் கடந்தவன். அவனும் வேலையிலிருந்து ஓய்வுபெறுகின்றான், அவனுக்கும் சீனி வருத்தமும் பிறசரும் உண்டு, அவனுடைய பிள்ளைகளின் படிப்புக் கடனும் வீட்டுக் கடனும் அவன் தலைமேல் உள்ளன. தொண்ணூறு வயதுத் தாய்க்கு அறுபத்தைந்து வயது மகன் பணம் அனுப்பும் நிலை நமது சமுதாயம் முன்னொருபோதும் கண்டிராத நிலையாகும். அந்த மகனுக்குப்பின் அப்பாட்டியை ஒருமுறையோ இருமுறையோ மாத்திரமே கண்ட பேரப்பிள்ளை அனுப்புவான் என்று எதிர்பார்த்தல் நியாயமாகாது. ஆகையால், முதியவருடைய வயதை எழுதும் கணக்கில் அவருக்குப் பணம் அனுப்பும் பிள்ளையின் வயதையும் அருகே எழுதாவிடின் அக்கணக்குப் பூரணமாகாது.

பிள்ளைகளிடமே போய்விடலாம் என்று கருதுவோரும் உளர். கனடா தேசம் 2011இன் இறுதியில் ஏற்படுத்திய விசேஷ விசா பெற்றோரை நீண்டகாலம் தங்க அனுமதிப்பதாயினும், அது வருகையாளருக்குரியதேயன்றிக் குடியேற்றத்துக்குரியதன்று. வைத்தியக் காப்புறுதியைத் தனியாக வாங்கவேண்டும், வயதும் நோயும் ஏற ஏற அதன் கட்டணமும் ஏறும். அங்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தாலும் முதியோர் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்தாண்டு வாசஞ் செய்திருத்தல் வேண்டும். பிரித்தானியாவோ 2012 ஜூலைக்குப்பின், அன்றாடத் தேவைகளுக்கே பிறர் உதவி நெடுங்காலம் வேண்டியவராயும், அவ்வுதவி சொந்த நாட்டில் கிடைக்காதவராயும் அல்லது தாங்கத்தகு செலவில் கிடைக்காதவராயும் உள்ள பெற்றோரை மாத்திரம் ஏற்பதென விதித்துவிட்டது. நடமாடும் சக்தியுள்ளபோது தகுதியில்லை, அச்சக்தி போனபின் பிரயாணஞ் செய்ய இயலாது. ஆகவே, நம் முதியோரில் மிகப்பலர் தம் இறுதிக்காலத்தை இந்நகரிலேயே கழிப்பர் என்பதை ஆதாரமாகக் கொண்டே நாம் மதிப்பீடு செய்யவேண்டும்.

இனிப் பணத்தின் கதிக்கு வருவோம். தனியார் துறையில் உழைத்தவருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியைத் தந்தது. வேதனத்தில் ஊழியர் நூற்றுக்கு 8ம் முதலாளி நூற்றுக்கு 12ம் செலுத்த, ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனை எடுத்துக்கொள்ளலாம். அது மாதாமாதம் வரும் ஓய்வூதியமன்று, ஒரே தடவையில் கைக்கு வந்துசேரும் முழுத்தொகை; மகளின் கல்யாணத்துக்கும் வீட்டின் மேல்தளத்துக்கும் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்கும் போனபின் எஞ்சுவதை நிலையான வைப்பிலிட்டு வட்டியில் ஜீவனம் நடத்துவதே நம்மவர் வழக்கம். அவ்வட்டியின் ஸ்திரமற்ற தன்மையை அண்மைக் காலம் நமக்குக் கற்பித்தது. ஒரு கோடி ரூபாயை வைப்பிலிட்டவருக்கு வட்டி நூற்றுக்கு 25 ஆயிருந்த நெருக்கடிக் காலத்தில் மாதம் இரண்டு இலட்சத்துக்கு மேல் கிடைத்தது. வட்டி 8 ஆக இறங்கியபோது அதே கோடி மாதம் 66,000 ரூபாய் அளவையே தந்தது. மூத்த பிரஜைகளுக்கென ஒரு வரையறைக்குட்பட்ட வைப்புக்கு வழங்கப்பட்டுவந்த 15 வீத விசேஷ வட்டியும் 2022இன் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டது.

விலைவாசியோ இதனினும் வலியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 69.8 உயர்ந்தது, உணவுப் பொருள்களின் விலை நூற்றுக்கு 94.9 உயர்ந்தது, அவ்வாண்டுக்குச் சேமலாப நிதி அறிவித்த வட்டி 9 வீதமே. முப்பதாண்டு உழைப்பின் பயன் ஓராண்டில் தன் வலிமையில் கணிசமான பகுதியை இழந்ததைக் கண்ணாரக் கண்டோம். அத்தகைய பிரளயம் மீண்டும் வராதென்று வைத்துக்கொண்டாலும், மத்திய வங்கி தன் இலக்காகக் கொண்டிருக்கும் ஆண்டுக்கு 5 வீதப் பணவீக்கமே இருபது ஆண்டில் இன்றைய ஓர் இலட்சம் ரூபாய்ச் செலவை இரண்டு இலட்சத்து அறுபத்தையாயிரமாக்கிவிடும். அறுபது வயதில் போதுமெனத் தோன்றும் வட்டி எண்பது வயதில் பாதிக்கும் காணாது. அந்த எண்பது வயதிலேயே பராமரிப்புச் செலவு தலைதூக்குகின்றது. வட்டி முழுவதையும் செலவிடாது அதில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவருதல் வேண்டும் என்ற விதி இதனாற் பெறப்படும். அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு அனுமதிபெறாத நிறுவனங்களில் முதலை இடுதலும் ஆபத்தானது. 2008இல் பெருவட்டி வாக்களித்த ஒரு கடனட்டை நிறுவனம் வீழ்ந்தபோது கண்ணீர் வடித்தோரில் முதியோர் அநேகர். அனுமதிபெற்ற வங்கியேயாயினும் வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரையிலேயே செல்லும் என்பதையும் பொருளாளர்கள் எடுத்துரைத்தல் நன்று.

கொட்டாஞ்சேனையின் நிலை இவ்வாறு வட்டியைப் பற்றிக் கவலைப்படுவதற்குக்கூட இடந்தராதது. செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகளில் கண்ணொளி மங்கும்வரை உழைத்த ஆசாரிமாரும், புறக்கோட்டையில் மூட்டை சுமந்த நாட்டாமைமாரும், மலையகத்திலிருந்து வந்து கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்து முதிர்ந்தோரும், இடியப்பமும் அப்பமும் அவித்து விற்றுக் குடும்பத்தைக் காத்த தாய்மாரும் சேமலாப நிதியின் நிழலில் நின்றவரல்லர். எழுபது வயதைத் தாண்டிய வறியோருக்கு அரசாங்கம் வழங்கும் கொடுப்பனவு 2025இல் மாதம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே, ஆயினும் அது மருந்துக்கும் பாலுக்கும் போதுமேயன்றிப் பராமரிப்புக்குப் போதாது. அரச ஓய்வூதியம் இல்லாதோருக்கென 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் இன்று நாற்பது வயதிலிருப்போரைச் சேர்ப்பிக்க எத்தனை சங்கங்கள் முயன்றிருக்கின்றன என்று தங்களை வணக்கத்துடன் கேட்கின்றேன்.

பணத்தினும் மதிப்பிடுதற்கு அரியது பராமரிப்பு. முதுமையை மூன்று காலங்களாகப் பிரித்து நோக்கினால் தெளிவு பிறக்கும். தானே கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் காலம் முதலாவது. சமையலுக்கும் குளிப்பதற்கும் கிளினிக்குக்குச் செல்வதற்கும் துணைவேண்டும் காலம் இரண்டாவது. பாரிசவாதத்தாலோ இடுப்பெலும்பு முறிவாலோ மறதி நோயாலோ இரவும் பகலும் ஒருவர் அருகிருக்கவேண்டிய படுக்கைக் காலம் மூன்றாவது. நம்மவர் போடும் கணக்கு பெரும்பாலும் முதலாவது காலத்தின் செலவையே முடிவுவரை நீட்டிப் பார்ப்பதாயிருக்கின்றது. களுபோவில வைத்தியசாலையும் தேசிய வைத்தியசாலையும் சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்து ஆளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும். அதற்குப்பின் மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக, புரட்டிப் படுக்கவைப்பதும் பம்பஸ் மாற்றுவதும் புண்வராது காப்பதும் வீட்டாருடைய பொறுப்பு. வீட்டார் என்று சொல்லத்தக்கவர் எழுபத்தெட்டு வயது மனைவி ஒருத்தியாயிருக்கும்போது அப்பொறுப்பு இரண்டு நோயாளரை உண்டாக்கிவிடுகின்றது.

ஆள்வைத்துப் பார்ப்பிக்கலாம் என்பது அடுத்த யோசனை. ஆனால், முதியோர் பராமரிப்பில் பயிற்சிபெற்ற நம் இளைஞரையும் யுவதிகளையும் இஸ்ரேலும் ஜப்பானும் பன்மடங்கு வேதனங்கொடுத்து அழைத்துக்கொள்கின்றன. எஞ்சியிருப்போரின் வேதனம் பொதுவிலைவாசியைவிட விரைந்து ஏறும் என்று எதிர்பார்த்தலே விவேகம். பாஷையும் ஒரு பிரச்சினையாகின்றது. வாழ்நாளெல்லாம் சிங்களமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசிய உத்தியோகத்தரும் மறதி நோய் முற்றியபோது குழந்தைப்பருவத் தமிழுக்கே திரும்பிவிடுதல் உண்டு, அப்பொழுது அருகிருப்பவருக்குத் தமிழ் தெரியாவிடின் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதும் இயலாமற்போகின்றது. தொடர்மாடியின் அமைப்பையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, ஜெனரேற்றருக்கு டீசலும் கிடையாத நிலையில், லிப்ட்டையே நம்பி மேல்தளங்களில் வாழ்ந்த முதியோர் தம் வீட்டிலேயே சிறைப்பட்டனர். ஒரு கட்டடத்தில் படியிறங்க இயலாதோர் எத்தனைபேர், எந்தத் தளத்தில் உள்ளனர் என்ற விவரம் அதன் முகாமைக் குழுவின் கையில் இருந்திருந்தால் அவர்களுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டுசெல்லுதல் எவ்வளவு எளிதாயிருந்திருக்கும்.

சித்தம் தெளிவாயிருக்கும்போதே எழுதிவைக்கவேண்டிய பத்திரங்களும் இம்மதிப்பீட்டின் ஒரு பகுதியே. வெளிநாட்டுப் பிள்ளைக்கோ உள்ளூர் உறவினருக்கோ கொடுத்த அற்றோர்ணித் தத்துவம், கொடுத்தவர் நினைவிழந்தபின் நம்பிக்கைக்குரிய ஆதாரமாய் நில்லாது. மாவட்ட நீதிமன்றத்தின் வழியே நிர்வாகி ஒருவரை நியமிக்கும் நீண்ட பாதையில் செல்ல நேரிடும். வீட்டைப் பிள்ளைக்கு நன்கொடை உறுதியாக எழுதுவோர் தம் சீவிய உரித்தைத் தமக்கே வைத்துக்கொள்ளத் தவறலாகாது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் பெரும் நன்றியீனங் காரணமாக நன்கொடையை ரத்துச்செய்ய நீதிமன்றத்தை நாட இடந்தருவதாயினும், எண்பது வயதில் வழக்காடி வெல்வதைவிட அறுபத்தைந்து வயதில் ஒரு வசனத்தை உறுதியில் சேர்த்துவிடுதல் மேலானது.

இத்தனை நிச்சயமின்மைகளையும் தனியொரு குடும்பம் எவ்வாறு மதிப்பிடும்? ஐந்தாண்டு வாழ்வோமா, முப்பதாண்டு வாழ்வோமா என்று தெரியாதவர், முப்பதாண்டுக்குச் சேமித்து அரைவயிறு உண்பார், அல்லது ஐந்தாண்டுக்குச் சேமித்து ஆறாம் ஆண்டில் தவிப்பார். இக்குழப்பத்துக்குத் தீர்வு கண்டவர்களில் ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் போதகர்கள் முதன்மையானவர்கள். ரொபேர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இருவரும், கணித மேதை கொலின் மக்லோரினின் துணையுடன், ஆண்டுதோறும் எத்தனை போதகர் இறப்பர், எத்தனை விதவைகளும் அநாதைகளும் எஞ்சுவர், அவர்கள் எத்தனை காலம் ஜீவித்திருப்பர் என்று கணித்து, 1744இல் ஒரு நிதியத்தை ஸ்தாபித்தனர். 1765இல் நிதியத்தில் 58,348 பவுண் இருக்குமென அவர்கள் கணக்கிட்டிருக்க, அவ்வாண்டு உண்மையில் இருந்தது 58,347 பவுண். திருச்சபையை நடத்திய மனிதர்கள் தம்மிடையே திரட்டிய விவரங்களை ஆதாரமாகக்கொண்டு இதைச் சாதித்தனர் என்பதை நமது ஆலய சபையினரும் பங்குப் பேரவையினரும் சிந்திக்கவேண்டும்.

கணக்குப் பிழைத்தால் நேரும் கேட்டுக்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் தொடங்கப்பெற்ற கமக்காரர் ஓய்வூதியத் திட்டம், செலுத்திய சந்தாவுக்கும் வாக்களித்த தொகைக்கும் இடையே பொருத்தமில்லாமையால் 2012ஆம் ஆண்டளவில் நிதி வற்றி, வயோதிபக் கமக்காரருக்குக் கொடுப்பனவு நின்றது. பின்னர் திறைசேரியின் பணத்தாலேயே அது மீண்டும் தொடங்கிற்று. அவர்களுக்குக் கிடைத்ததும் மாறாத ரூபாய்த் தொகையாதலின், விலைவாசி அதனை ஆண்டுதோறும் அரித்துவந்தது. ஜப்பானோ 2000 ஏப்ரலில் தொடங்கிய பராமரிப்புக் காப்புறுதியில் நாற்பது வயதிலேயே சந்தாவைத் தொடங்கி, முதியவருக்குப் பணமாக அன்றி, அவருடைய தளர்ச்சியின் தரத்துக்கேற்ற சேவையாகவே பயனை வழங்குகின்றது. ரூபாயை வாக்களியாது பராமரிப்பின் மணிநேரத்தை வாக்களித்தல் என்ற இக்கொள்கை, நாணயத்தின் பெறுமதி நிலையாத நம் நாட்டுக்கு மிகப் பொருத்தமானதென்பது என் அபிப்பிராயம்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டிக்கொள்வன வருமாறு. முதலாவதாக, ஒவ்வொரு சபையும் சங்கமும் தன் அங்கத்தவருள் அறுபது வயதைக் கடந்தோரின் ஏடு ஒன்றை இவ்வாண்டிலேயே ஆரம்பிக்கவேண்டும். வயது, தனித்து வாழ்கிறாரா, எந்தத் தளத்தில், மூன்று காலங்களில் எதில் இருக்கின்றார், வருமானம் எங்கிருந்து வருகின்றது, பணம் அனுப்பும் பிள்ளையின் வயதென்ன, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பன அதில் இடம்பெறட்டும். விவரங்கள் மூவருக்கு மேல் எவர் கையிலும் இருத்தலாகாது. வருமானத்தின் தொகை வேண்டியதில்லை, அதன் மூலமும் அது நிலைக்கக்கூடிய காலமும் போதும். ஆண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பித்தால், மூன்றாண்டில் எத்தனைபேர் ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குச் செல்கின்றனர் என்ற வீதம் நமக்கே தெரிந்துவிடும். நம்முடைய எதிர்காலத்தை நம்முடைய பதிவேட்டிலிருந்தே கணித்தவர்களாவோம்.

இரண்டாவதாக, அவ்வீதத்தைக்கொண்டு பராமரிப்பின் தேவையை மணிநேரமாகக் கணக்கிடவேண்டும். உதாரணமாக, 200 இல்லங்கள் சேர்ந்த ஒரு சங்கத்தில் 10 பேருக்கு நாளொன்றுக்கு 4 மணிநேரத் துணை தேவையென்று ஏடு காட்டினால், மொத்தம் 40 மணிநேரம். எட்டுமணிநேரம் வேலைசெய்யும் ஐவர் போதும். விடுமுறைகளை ஈடுசெய்ய ஒருவரைக் கூட்டி அறுவர் எனக் கொள்வோம். அறுவரின் வேதனத்தை 200 இல்லங்களுக்குப் பங்கிட்டால், ஒரு பராமரிப்பாளரின் வேதனத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே ஓர் இல்லத்தின் சந்தாவாகும். தனித்து நின்ற குடும்பத்தை நொறுக்கிவிடும் சுமை, கூடி நின்றவருக்கு மரண சகாயச் சந்தாவைப்போலத் தாங்கத்தக்கதாகிவிடுகின்றது. சந்தாவை மாறாத் தொகையாக வையாது பராமரிப்பாளரின் வேதனத்தோடு பிணைத்துவிட்டால் பணவீக்கத்தின் கேடும் பெருமளவு நீங்கும். வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்கு அனுப்பும் கொடையில் ஒரு பகுதியை, சந்தா செலுத்த இயலாத கொட்டாஞ்சேனை இல்லங்களின் பங்காக ஏற்றுக்கொண்டால் இரு பகுதியாரும் ஒரே ஏற்பாட்டின்கீழ் வந்துவிடுவர்.

மூன்றாவதாக, இப்பணிக்கு அமர்த்தப்படுவோர் பெரும்பாலும் மலையகத்தினதும் இந்நகரினதும் வறிய இல்லங்களிலிருந்து வரும் பெண்களாயிருப்பர். அவர்களுக்குப் பயிற்சியும் எழுத்துமூல நியமனமும் ஓய்வுநாளும் கௌரவமான வேதனமும் ஓய்வூதியச் சந்தாவும் முதல் நாளிலிருந்தே உரியவையாகட்டும். நம்முடைய முதுமையைக் காத்தவளுடைய முதுமையை நாதியற்றதாக விடுவது தர்மமாகாது. அவளைக் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு எதுவும் நேர்மையான மதிப்பீடாகாது.

நான்காவதாக, பணத்தைச் சேர்க்குமுன் காப்புறுதிக் கணிப்பில் தேர்ந்த ஒருவரையும் சட்டத்தரணி ஒருவரையும் அழைத்து ஆலோசித்து, அனுமதிபெற்ற ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளில் இட்டு, ஆண்டுதோறும் கணக்கைப் பகிரங்கப்படுத்துங்கள். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன் போன்ற அனைவருக்கும் பொதுவான இடங்களில் சபைகள் கூடி ஒரு பொதுத்திட்டத்தை வகுத்தல் கூடாததன்று. 1888 முதல் மருதானையில் சமய பேதமின்றி ஏழை முதியோரைத் தாங்கிவரும் ஏழைகளின் சிறிய சகோதரிகள், கேட்பாரற்றவரை ஏற்கும் ஓர் இல்லம் எவ்வாறு தலைமுறை தலைமுறையாக நடக்கும் என்பதை நமக்குக் காட்டியிருக்கின்றனர்.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடனன்றோ, அதனைச் சங்கங்கள் ஏற்றால் அக்கடன் மறக்கப்படாதோ என்று ஆட்சேபிப்போர் உளர். அக்கடன் மெய்யானது, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டமும் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடலாகாதென விதித்து, பராமரிப்புக் கோரி முறையிடச் சபையொன்றையும் ஏற்படுத்தியிருக்கின்றது. ஆயினும், கடல்கடந்து வாழும் மகளால் பணம் அனுப்ப முடியுமே தவிர, நள்ளிரவில் விழுந்த தாயைத் தூக்க முடியாது. அவள் செலுத்தும் சந்தா அவளுடைய கைகளுக்குப் பதிலாக இங்கே ஒரு கையை நிறுத்துமாயின், அது கடமையை நிறைவேற்றும் வழியேயன்றிக் கடமையிலிருந்து தப்பும் வழியாகாது. ஒரு பிள்ளையும் அற்றோரும், பிள்ளைகளை யுத்தத்தில் பறிகொடுத்தோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு யாருடைய கடனை எடுத்துக்காட்டுவோம்? எல்லாம் விதிப்படி நடக்கும் என்பாரும், அதே விதியை நம்பிக்கொண்டே மரண சகாயச் சந்தாவை ஒழுங்காகச் செலுத்திவருகின்றனர். அந்த விவேகத்தை இன்னும் சில ஆண்டுகள் முன்தள்ளி வைக்குமாறே கேட்கின்றேன்.

வரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், கணக்கறிக்கைக்கும் தெரிவுகளுக்கும் இடையே, முதியோர் ஏட்டை ஆரம்பித்தல் என்ற ஒரு தீர்மானத்தைச் சேர்த்து, அதனைப் பொறுப்பேற்க மூவரை, அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாகவும் ஒருவரேனும் நாற்பது வயதுக்குட்பட்டவராகவும் இருக்கும்படி, தெரிவுசெய்யுங்கள். அன்று தொடங்கும் ஏடு மூன்றாண்டில் மதிப்பீடாகும், மதிப்பீடு சந்தாவாகும், சந்தா சேவையாகும். முன்னே நான் குறிப்பிட்ட அந்தத் தனித்த பெண், இன்றைய தங்கள் அங்கத்தவர் ஒருவரின் மனைவியாகவோ சகோதரியாகவோ மகளாகவோ இருப்பாள் என்பதில் ஐயமில்லை. அவளுக்கு எண்பத்தைந்து வயதாகும் நாளில் அவளுடைய கதவைத் தட்டப்போகும் கையை ஏற்பாடு செய்வதற்கு இவ்வாண்டே உரிய ஆண்டு.

இங்ஙனம்,
தங்கள் க்ஷேமத்தை விரும்பும்
கொழும்புவாசி ஒருவர்